வியாழக்கிழமை மேசையின் மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் நம் கூட்டத்தின் ஒரே அக்காவுக்கும்,

வணக்கம். இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பொம்மைப் படைகளை மோதவிட்டு நாம் போர் ஆட்டம் ஆடும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு பேச ஆரம்பித்தால், பேச்சு ஐந்தாவது நிமிடத்தில் எந்தப் படைக்கு எத்தனை பாயிண்ட் (படையின் பலத்துக்கு விதிகள் வைத்த மதிப்பு) என்பதில் போய் விழுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதே ஆட்டம் ஆடுபவர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நாம் வாழ்வது நாட்டிங்ஹாமில். வார்ஹாமரைச் செய்யும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்கும், இரண்டாம் உலகப் போரை ஆடும் போல்ட் ஆக்‌ஷனின் வார்லார்ட் கேம்ஸுக்கும் இதுதான் தாய்வீடு. பொம்மைகளை ஈயத்தில் வார்த்த காலத்தை நினைத்து, இந்தப் பகுதியை ‘ஈய வளையம்’ என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஓர் ஆண்டில் நம் மேசைக்கு வந்த மூன்று புதியவர்களில் ஒருவரைக்கூட நம்மால் நிறுத்திவைக்க முடியவில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். எனக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை. மூன்றாமவரை அழைத்து வந்தவன் நான். அவரை விரட்டியதிலும் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

அவர் என்னோடு வேலை பார்ப்பவர், என்னைவிட எட்டு வயது இளையவர். ஸ்பேஸ் மரீன் என்ற வார்ஹாமர் விண்வெளி வீரர்களின் பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து, முதுகில் பறக்கும் கருவி மாட்டிய ஐந்து வீரர்களுக்கு வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தார். தலைவன் பொம்மைக்குக் கண்கூட வைத்திருந்தார். ஒரு கண் சற்றே மாறுகண். “அவன் மேசையின் இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் பார்ப்பான்” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று ஆடியது வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் 2023இல் வந்த பத்தாம் பதிப்பு. அந்த ஐவரையும் ஆட்டத்தின் நடுவில் வானத்திலிருந்து இறக்கலாம் என்று அவர் படித்துவைத்திருந்தார். எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தள்ளித்தான் இறக்க வேண்டும் என்பதும் தெரியும். டேப்பை இரண்டு முறை வைத்து அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார். எதிரில் நின்ற நம் மூத்தவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது பொம்மை மேசையைத் தொட்டதும் ஒரே ஒரு சொல்: “ஓவர்வாட்ச்.”

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளியின் முறை நடக்கும்போதே நாம் சுட அனுமதிக்கும் உத்தி அது. சாதாரணத் துப்பாக்கி என்றால் பகடையில் 6 விழுந்தால்தான் குண்டு படும். தீ உமிழும் ஆயுதத்துக்கு அந்தத் தடை கிடையாது. அது தானாகவே படும். இறங்கிய ஐவரில் மூவர் அங்கேயே போனார்கள், மாறுகண் தலைவன் உட்பட. மிஞ்சிய இருவர் பாய்ந்து மோத, இரண்டு பகடையும் சேர்ந்து 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 வழிகளில் 10 வழிதான் அதற்கு உண்டு. விழவில்லை.

விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. நம் மூத்தவர் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் வென்றது ஆட்டத் திறமையால் இல்லை, எதிரில் இருந்தவர் ஒரு பக்கத்தைப் படிக்காமல் வந்ததால். வண்டி ஓட்டக் கற்பவனுக்கு ஒருவழிப் பாதைப் பலகையை மூடிவைத்துவிட்டு, தெருக்கோடியில் நின்று அபராதம் வசூலிப்பது போன்ற வெற்றி அது.

அடுத்த வியாழன் நான் அவரோடு ஆடினேன், பரிகாரம் செய்கிற நினைப்பில். “தம்பி, அந்த டேங்கை அங்கே நிறுத்தாதே, என் பீரங்கிக்கு நேராக வருகிறது.” “முதலில் அவர்களைச் சுடு, அப்புறம் இவர்களை நகர்த்து.” “இந்தக் கம்பத்தை விடாதே, கடைசியில் மதிப்பெண் அங்கேதான்.” இரண்டரை மணி நேரம் என் வாய் மூடவே இல்லை. அவர்தான் வென்றார். பஞ்சுத் தட்டில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “நல்ல ஆட்டம் அண்ணா. நீங்கள் உங்களோடே ஆடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை.

ஒருவர் வாயைத் திறக்கவே இல்லை, நான் மூடவே இல்லை. இரண்டும் எதிர்த் துருவங்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே தவறாகத் தெரிகிறது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதை முதல்வாரம் மறைத்தோம். அவர் முடிவு செய்திருக்க வேண்டியதை அடுத்தவாரம் பிடுங்கிக்கொண்டோம். இரண்டு நாளும் அவருக்கென்று மேசையில் மிஞ்சியது பகடை உருட்டும் வேலை மட்டும்தான்.

இந்த ஆட்டத்தின் பழைய வரலாறே வேறு மாதிரி. 1824இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி விதிகளாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். அதில் எனக்குப் பிடித்தது நடுவர் என்ற ஏற்பாடு. ஆடுபவர் தன் ஆணையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். அட்டவணை பார்ப்பது, பகடை உருட்டுவது, கட்டைகளை நகர்த்துவது எல்லாம் நடுவரின் பாடு. விதிப்புத்தகத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர்கூட அன்று மாலையே ஆட உட்காரலாம். “இந்தக் குன்றைப் பிடி” என்று சொல்லத் தெரிந்தால் போதும். 1876இல் வெர்டி டு வெர்னுவா அந்த அட்டவணைகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அனுபவம் உள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார்.

நம் மேசையில் நடுவர் கிடையாது. விதிகள் அத்தனையும் ஆடுபவரின் தலையில்தான். அப்படியென்றால், தெரிந்தவர் தெரியாதவரோடு ஆடும்போது பாதி எதிராளியாகவும் பாதி நடுவராகவும் இருந்தே தீர வேண்டும். நடுவர் பாதி வாய் திறக்க வேண்டும்: “இங்கே இறக்கினால் என் தீ ஆயுதம் உடனே சுடும், தெரியுமா?” எதிராளிப் பாதி அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். தெரிந்தும் அவர் இறக்கினால் அது அவருடைய துணிச்சல். தயங்காமல் சுடுங்கள். சரியான இடம் எது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வேண்டுமென்றே தோற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் இருவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பெரிய டேங்கை மூலையில் மறந்ததுபோல் விட்டுவைப்பது, கண் எதிரே நிற்பவனைச் சுட ‘மறப்பது’. நாற்பது வயதுக்காரர்களின் நடிப்பை முப்பது வயதுக்காரர் கண்டுபிடிக்கமாட்டாரா? சலுகை கொடுப்பதென்றால் வெளிப்படையாகக் கொடுங்கள். கோ என்ற பலகை ஆட்டத்தில் வல்லவரோடு ஆடுபவர் ஒன்பது காய்வரை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்கிறார், யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமமாக இருந்தால்தான் ஆட்டம் என்று அதை வகுத்தவர்கள் நினைக்கவில்லை. நமக்கோ 2000 பாயிண்ட்டுக்கு 2000 பாயிண்ட் என்றால்தான் நியாயம் என்ற பிடிவாதம். எனக்கு 1000, அவருக்கு 1250 என்று எழுதிவிட்டு முழுமூச்சாக ஆடினால் என்ன குறைந்துவிடும்?

அந்த 2000 பாயிண்ட்டும் ஒரு வினைதான். புதியவரின் முதல் ஆட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். நம் முறை முடிய முக்கால் மணி ஆகிறது. அதுவரை அவர் நின்றுகொண்டே தன் ஆட்கள் சாவதைக் கணக்குப் பார்க்கிறார். போல்ட் ஆக்‌ஷனில் பையிலிருந்து ஒவ்வொரு பகடையாக எடுத்து, யாருடைய நிறம் வருகிறதோ அவர் ஒரு பிரிவை மட்டும் இயக்குகிறார். காத்திருப்பு சில நிமிடம்தான். பழங்காலப் போர்களை ஆடும் ஃபில் பார்க்கரின் டிபிஏ இன்னும் சிறிது. பக்கத்துக்குப் பன்னிரண்டே துண்டுகள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பகடையை உருட்டினால் இந்த முறை எத்தனை நகர்வு என்று தெரிந்துவிடும். அதன் படைப் பட்டியலில் யானைகளோடு தமிழ்ப் படையும் இருக்கிறது. இதை நாம் இத்தனை நாள் ஆடிப்பார்க்காதது தனி வெட்கம்.

சென்ற வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அலுவலகச் சமையலறையில், மைக்ரோவேவ் சுற்றிக்கொண்டிருந்தபோது. இன்னும் ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஐநூறு பாயிண்ட். ஆட்டத்துக்கு முன் என் படையில் அவரைத் திடுக்கிடவைக்கக் கூடியது என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பகடை உருளும்வரை எந்த நகர்வையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நானும்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வரும் வியாழன் எங்கள் மேசையைச் சுற்றி நின்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். அவர் தன் ஆட்களைத் திறந்தவெளியில் நிறுத்தினாலும், மதிப்பெண் கம்பத்தை மறந்தாலும், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். வாய்க்கு வேலை வேண்டுமென்றால், இரண்டு டப்பா சுண்டல் கொண்டுவருகிறேன்.

மாறுகண் தலைவனையும் கூட்டிவருகிறாராம். இன்னொரு கண்ணைத் திருத்தவில்லையாம்.

இப்படிக்கு,
ஜன்னலோர நாற்காலிக்காரன்
நாட்டிங்ஹாம்