வராமல் போனவர்களின் கோப்பு

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரோ,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு டின்னுக்கு ஒரு வரி நன்றிகூட எழுதாமல் இத்தனை மாதம் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள், ஆனால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு. அம்மா நலம். தம்பி செம்பனை ஆலையிலேயே இருக்கிறான். பலாப்பழ வழக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாம் லயத்து அத்தை இறந்துவிட்டார். பால்மரக் காட்டில் நாம் ஓடித் திரிந்தபோது தோளில் சுமந்த பால் வாளிகளை இறக்கிவைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாரே, அவர்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகே கண்டுபிடித்தார்கள். இந்தப் புற்றுநோய் வராமல் தடுக்க 2010-இல் நம் மலேசியப் பள்ளிகளில் தொடங்கிய எச்பிவி தடுப்பூசியை 13 வயதில் பேத்தி போட்டுக்கொண்டாள். பாட்டியின் காலத்தில் அது இல்லை. இந்தச் செய்தியை உனக்கு எழுதலாம் என்று அத்தையின் மகளே சொன்னாள்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்னொன்று. நாம் இருவரும் சேர்ந்து செய்யும் ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) பெற்றவர்களின் பட்டியலில் அத்தை இருக்கிறார். கோப்பில் பெயர் இல்லை. பழைய லயத்து முகவரியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். அவருடைய வரியில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதியிருந்தது. நம் கணக்குப்படி அவர் கடைசியாக மருத்துவமனைக்கு வந்த நாள்வரை உயிருடன் இருந்தவர், அதற்குப் பின் ஒன்றும் தெரியாதவர். உண்மையில் அன்றிலிருந்து ஆறாவது வாரத்தில் வீட்டிலேயே இறந்திருக்கிறார்.

சரோ, இடையில் நின்றுபோனவர்களும் தொடர்ந்து வந்தவர்களைப் போலவே வாழ்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான், எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிருடன் இருந்தார்கள் என்று காட்டும் உன் வரைகோடு போடப்படுகிறது. இங்கே அது பொருந்தாது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை விடியுமுன் எழுந்து பேருந்து ஏறி ஈப்போவுக்குப் போக முடிந்தவர்கள் உடம்பில் தெம்பு இருந்தவர்கள். வராமல் போனவர்களில் பெரும்பாலோர் எழுந்து நிற்க முடியாமல் போனவர்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

அந்த மருந்தைக் குறைத்துப் பேசவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த ஊசியைச் சோதித்த கீநோட் 826 என்ற ஆய்வில் 617 பெண்கள் சேர்ந்தார்கள். கீமோவுடன் இந்த ஊசியும் பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் 50.4 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள், ஊசி பெறாதவர்களில் 40.4 விழுக்காட்டினர். அந்தப் பத்து விழுக்காடு பத்துக் குடும்பத்தில் ஒரு தாய் என்பதை நான் ஒருநாளும் மறப்பதில்லை. ஆனால் அந்த ஆய்வில் நடமாடித் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களையே சேர்த்தார்கள். நம்மிடம் வருகிறவர்களோ கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துச் சிறுநீரகம் பழுதானவர்கள், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தாங்காதவர்கள், படுக்கையோடு கிடப்பவர்கள். இவர்களுக்கு அதே பயன் கிடைக்கிறதா என்று பார்க்கத்தானே இந்த ஆய்வைத் தொடங்கினோம்?

இன்னொரு பிழையும் இருக்கிறது. நோய் தெரிந்த நாளிலிருந்து ஆயுளை எண்ணியிருக்கிறோம். நகையை அடகு வைத்து, உறவினரிடம் கேட்டு, ஊசிக்குப் பணம் சேர்க்க அத்தைக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் இறந்திருந்தால் அவர் ஊசி பெற்றவர் பட்டியலுக்கே வந்திருக்க மாட்டார். பிழைத்திருந்ததால் வந்தார்; அந்த நான்கு மாதத்தையும் மருந்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணு. ஊசிக்குக் காத்திருந்தே இறந்தவர்களையும் ஒரு தனி வரிசையில் எழுது.

ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி போன வாரம் கிடைத்தது. தொடர்பில் இல்லாத ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நானே தொலைபேசியில் பேசுகிறேன். எண் மாறியிருந்தால் நேரில் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஒரு வீட்டில் அந்த அம்மாளே கதவைத் திறந்தார். தைராய்டு சுரப்பு குறைந்ததற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஜொகூரில் மகன் வீட்டில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவராம். அன்று நான் அழுதுவிட்டேன். இந்த வரியும் நமக்கு வேண்டும், அத்தையின் வரியும் வேண்டும்.

அத்தையின் மகள் சுவர் நாட்காட்டியிலிருந்து கிழித்து வைத்திருந்த தாளைக் காட்டினாள். அந்தத் தேதியைக் கோப்பில் எழுதிவிட்டேன். மாநாட்டுக்கு நாள் நெருங்குகிறது என்று அவசரப்படாதே. மற்றவர்களின் தேதிகளும் வந்து சேரும்வரை அட்டவணையை யாருக்கும் அனுப்பாதே.

உன்
வள்ளி