மலருக்கு, வாத்து வேட்டைக்குப் போகும் முன்

அன்புள்ள மலருக்கு,

ஆர்கன்சா மாநிலத்து ஸ்டட்கார்ட் பக்கம் வாத்து வேட்டைக்கு உன்னோடு வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். தாராளமாகப் போய் வா. அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவில்தான் விளைகிறது. வடக்கே குளிர் இறுகியதும் மிசிசிப்பி வழியாக இறங்கும் மல்லார்டு வாத்துகளுக்கு அந்த வயல்கள்தான் சாப்பாட்டுக் கூடம். 1936 முதல் வாத்துபோலக் குரல் ஊதும் போட்டி நடத்தும் ஊர் அது. அங்கே விடியற்காலையில் நிற்க உனக்கு வாய்த்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் ஒரு விஷயத்தைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். நீ என்னோடு டெக்சாஸில் கற்றது புறா வேட்டை. அங்கே முழுக்கச் சட்டப்படி இருந்த ஒரு காரியம் வாத்து வேட்டையில் மத்திய அரசுக் குற்றம்.

செப்டம்பரில் நாம் போய் உட்கார்வோமே, அந்தச் சோளக்காட்டை நினைத்துப் பார். விளைந்து நின்ற சோளத்தில் சில வரிசைகளை மட்டும் மோவர் விட்டு அடித்துப் போட்டிருப்பார்கள். கதிர் நொறுங்கித் தரையெல்லாம் மணி சிதறிக் கிடக்கும், புறா கூட்டம் கூட்டமாக இறங்கும். அது குற்றமில்லை. அந்த நிலத்தில் விளைந்தது அந்த நிலத்திலேயே சிதறியிருந்தால் புறாவுக்கு அனுமதி உண்டு. விளைந்த பயிரை இப்படி அடித்தாலும், உருட்டிப் படுக்க வைத்தாலும், டிஸ்க் கலப்பை ஓட்டினாலும், கொளுத்தினாலும் சட்டம் அதைப் பயிரைக் கையாளுதல் என்ற ஒரே கணக்கில் வைக்கிறது. வாத்து, கூஸ், நாமக்கோழி, கொக்கு வகைகளுக்கு அந்த அனுமதி கிடையாது. அறுவடை ஆகாத நெல்லில் உருளை ஓட்டிவிட்டுத் தண்ணீர் கட்டினால், அதன்மேல் வாத்து சுடக் கூடாது.

பறவையை வரவழைக்க இரை போட்ட இடத்தில் வேட்டையாடுவதுதான் குற்றம். எது இரை போட்ட இடம் என்பதைச் சட்டம் மிக அகலமாகவே வைத்திருக்கிறது. உப்பு, தானியம், வேறு எந்தத் தீனியாக இருந்தாலும் சரி, அதைக் கொட்டியோ தூவியோ வைத்து, வேட்டைக்காரர் நிற்கும் இடத்துக்குப் பறவையை அது இழுக்கக்கூடும் என்றால் அது இரை போட்ட இடம். இழுத்ததா என்று பார்ப்பதில்லை, இழுக்கக்கூடுமா என்பதுதான் கேள்வி. தீனியை ஒரு மணி விடாமல் அள்ளி எடுத்த பிறகும் பத்து நாள் வரை அந்த இடம் இரை போட்ட இடமாகவே கருதப்படும். தின்று பழகிய பறவை தீனி தீர்ந்த பிறகும் அங்கேயே வந்து வட்டமடிக்கும், அதற்காகத்தான் இந்தப் பத்து நாள். இத்தனை கெஜம் தள்ளி நின்றால் பரவாயில்லை என்று ஒரு அளவும் சட்டத்தில் கிடையாது. நிலத்தின் அமைப்பு, காற்று, பறவை வரும் வழி எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பக்கத்து வரப்புக்கு அந்தப் பக்கம் கொட்டியிருந்தாலும் உன்னைப் பிடிக்கும்.

அறுத்த வயலில் பயப்பட ஒன்றுமில்லை. வழக்கமான அறுவடையில் மிஷின் சிந்திய நெல் கிடக்கிற வயலில் தண்ணீர் கட்டி வேட்டையாடலாம். நம் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் மந்தையை ஓட்டி வந்து வயலில் இறக்குவார்களே, அந்த மாதிரி சிந்திய நெல்லுக்குத்தான் இங்கே காட்டு வாத்தும் வருகிறது. அறுக்காமல் நிற்கும் நெல்லிலும், அப்படியே தண்ணீர் கட்டிய நெல்லிலும் வேட்டை சரிதான். நீ அதில் நடந்து போகும்போதும், பொம்மை வாத்து மிதக்கவிடும்போதும், விழுந்த பறவையை எடுக்கும்போதும் நாலு மணி உதிர்ந்தால் அது உன் தப்பு ஆகாது. சட்டமே அதை விட்டுக்கொடுத்திருக்கிறது. பதுங்கும் மறைவிடத்தைப் பயிர்த் தாளால் மூடிக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து நெல் கொட்டி, சிதறிக் கிடக்கக் கூடாது. கதிரோடு பிடுங்கிக் கட்ட யாராவது கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நெல் வயலில் ஏமாறுகிற இடம் மறுதாம்பு. முதல் அறுப்பு முடிந்த தாளிலிருந்து மறுபடி துளிர்த்துக் கதிர் வைக்கும். வெயில் நீடித்த ஆண்டுகளில் ஆர்கன்சாவிலும் அது தானாகவே வந்துவிடும். அது நின்றபடி இருந்தால் வேட்டையாடலாம், முறையாக அறுத்துவிட்டாலும் ஆடலாம். ஆனால் மணி பிடித்த மறுதாம்பை அறுக்காமல் உருளையால் மடக்கிப் போட்டால், வயலுக்குச் சொந்தக்காரர் “இது போன மாதம் அறுத்த வயல்தானே” என்று சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் அது விளைந்த பயிரைக் கையாண்டதுதான். அறுப்புக்குப் பின் தாளை உருட்டுவது அந்தப் பகுதி விவசாயிகள் எல்லாரும் செய்கிற வேலை, அதில் தப்பில்லை. ஆனால் அது வேளாண் விரிவாக்கத் துறை பரிந்துரைத்த முறைப்படி நடந்திருக்க வேண்டும். ஆகவே உருட்டிய வயல் என்றால், என்றைக்கு உருட்டினார்கள், அப்போது கதிர் இருந்ததா என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமல் உள்ளே இறங்காதே.

வயலை நீயே நடந்து பார்க்க வேண்டும், இதை மட்டும் யாரிடமும் விடாதே. தண்ணீர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். முந்தின நாள் வெளிச்சத்தில் போ. மறைவிடத்தைச் சுற்றி நாலு பக்கமும் குனிந்து, சேற்றில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் அலசிப் பார். மிஷின் சிந்திய நெல் என்றால் தாள் துணுக்கும் பதரும் கலந்திருக்கும். அது மிஷின் போன தடத்தோடு பரவலாகக் கிடக்கும். மூட்டையிலிருந்து கொட்டியது சுத்தமாக இருக்கும், குவியலாகவோ கோடு கிழித்த மாதிரியோ கிடக்கும். நெல் வயலில் மக்காச்சோளமோ கோதுமையோ கையில் வந்தால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். களஞ்சியத்துக்குப் போன அதே வயலின் நெல்லைத் திரும்பக் கொண்டுவந்து இறைத்தாலும் அது இரைதான். வாத்துகளையும் கவனி. சுற்றிலும் நல்ல வயல் இருக்க, வெடிச் சத்தத்துக்கும் அஞ்சாமல் ஒரே மூலையில் மறுபடி மறுபடி வந்து விழுந்தால் அங்கே ஏதோ கிடக்கிறது.

அப்படி எதையாவது பார்த்தால் வாக்குவாதம் செய்யாதே. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டு, வண்டிக்கு நடந்துவிடு. ஒரு பறவைகூட சுடவில்லை என்பது காப்பாற்றாது, ஏனென்றால் சுட முயல்வதே குற்றம்.

“எனக்குத் தெரியாது” என்பது எவ்வளவு தூரம் நிற்கும் என்று நீ கேட்பாய். 1918 முதல் இருக்கிற வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ் பல நீதிமன்றங்களில் அந்தப் பேச்சே எடுபடாமல் இருந்தது. இரை கிடந்ததா, நீ நின்றாயா, முடிந்தது. 1998-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தாலோதான் குற்றம். அந்த இரண்டாவது பகுதியை நன்றாகப் படி, மலர். கேட்டிருந்தால், குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் நீயும் பொறுப்பு. கைடு சொன்னார், கிளப்காரர் சொன்னார் என்பதெல்லாம் பதில் ஆகாது. அபராதம் 15,000 டாலர் வரை, சிறை ஆறு மாதம் வரை. அதே திருத்தம் இரை போட்டவரையும் தனியாகப் பிடித்தது. வேட்டைக்காகத் தீனி கொட்டினால், கொட்டச் சொன்னால், ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு.

இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே டெக்சாஸில் மானுக்கு மக்காச்சோளத் தீனிப்பெட்டி வைப்பது மாநிலச் சட்டப்படி சரி. லீஸ் எடுத்த நிலமெல்லாம் அதுதான் நிற்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குளத்தோரம் ஒரு பெட்டி நின்றால் உறுத்தாது. மானுக்கு வைத்தது வாத்தையும் இழுக்கும். மாநிலம் விட்டதை வைத்து மத்தியச் சட்டத்தைத் தாண்ட முடியாது.

இந்தச் சட்டம் கடுமையானது என்று முணுமுணுப்பவர்களை அங்கே பார்ப்பாய். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. 1930-களில் மழை பொய்த்து, சமவெளியெல்லாம் புழுதியாகி, வாத்து குஞ்சு பொரிக்கும் குட்டைகள் வற்றிப்போயின. மிச்சம் இருந்த பறவைகளைச் சோளத்தைக் கொட்டியும் உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டும் வரவழைத்துச் சுட்டார்கள். கேலிச்சித்திரம் வரைந்து பேர் வாங்கிய டிங் டார்லிங் அப்போது காட்டுயிர்களைக் கவனித்த மத்திய அரசுத் துறைக்குத் தலைவராக இருந்தார். வாத்து வேட்டைக்காரர் வாங்க வேண்டிய மத்திய அரசு வாத்து ஸ்டாம்பில் முதலாவதை, 1934-ல் வந்ததை, வரைந்தவரும் அவரே. 1935-ல் இரை போடுவதும் உயிருள்ள வாத்தைக் கட்டுவதும் தடை செய்யப்பட்டன. கனடாவின் குட்டையில் பிறந்து அத்தனை தூரம் பறந்து வரும் ஒரு பறவையைப் பசியைக் காட்டிக் கூப்பிட்டுக் கொல்வதில் வேட்டை எங்கே இருக்கிறது? காற்று எந்தப் பக்கம், எந்த வயலில் இறங்கும், எப்போது ஊத வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அது வராமல் போனால் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதுதான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது, ஸ்டீல் வாங்கிக்கொள். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி பிளக் இருக்கிறதா பார். வாத்து ஸ்டாம்பை மறக்காதே.

வயலில் சந்தேகம் வந்தால் அந்தக் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தைக் கேள், இல்லையென்றால் மாநில கேம் அண்டு ஃபிஷ் கமிஷனுக்குப் போன் போடு. முன்கூட்டிக் கேட்பவரிடம் அவர்கள் நன்றாகவே பேசுவார்கள். வயலைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எனக்கும் படம் அனுப்பு. தூரத்திலிருந்து எடுக்காதே, உன் உள்ளங்கையில் இருக்கிற சேற்றையும் மணியையும் கிட்டத்தில் எடு. என்ன நெல், எப்போது விழுந்தது என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா