செல்வா, சீட்டுக்கட்டை அவனிடமே கொடுத்துவிடு

அன்புள்ள செல்வா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். தங்கச்சி கல்யாணப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது? மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்தப் பழநி பஸ் கதையை மட்டும் எடுத்துவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் பையனைப் பற்றிப் புலம்பியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டு அடுக்குகிறான், படிப்பில் கவனமே இல்லை, கட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றாயே. சீட்டு இருக்கும் வீடு உருப்படாது என்று உன் அப்பா பேசியதையே நீயும் பேசினாய். சாக்பீஸில் யானையும் கோபுரமும் செதுக்கி டெஸ்க்குக்கு அடியில் ஒளித்து வைத்த செல்வாவா இது? பி.டி. வாத்தியார் அந்தக் கோபுரத்தை மிதித்த அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லையேடா.

கொல்கத்தாவில் அர்ணவ் டாகா என்று ஒரு பையன். எட்டு வயதில் சீட்டு அடுக்க ஆரம்பித்தவன், 2020 ஊரடங்கில் அதில் முழுமூச்சாக இறங்கினான். 2023-ல், 15 வயதில், சுமார் 1,43,000 சீட்டுகளை வைத்து 41 நாளில் தன் ஊரின் நான்கு கட்டடங்களை எழுப்பிவிட்டான்: ரைட்டர்ஸ் பில்டிங், ஷாஹித் மினார், சால்ட் லேக் மைதானம், செயின்ட் பால்ஸ் தேவாலயம். நீளம் 12.21 மீட்டர், உயரம் 3.47 மீட்டர். சீட்டில் கட்டியதிலேயே பெரியது என்று கின்னஸ் சாதனை; சீட்டு எண்ணிக்கை கணக்கில்லை, அளவுதான். கோந்து இல்லை, டேப் இல்லை.

எப்படி நிற்கிறது என்றுதானே கேட்பாய்? நாமெல்லாம் இரண்டு சீட்டைக் கூரைபோலச் சாய்த்து அடுக்குவோம். மேலே பாரம் ஏற ஏறக் கால் இரண்டும் விலகிப் படுத்துவிடும். இவன் நான்கு சீட்டுகளை நிமிர்த்தி, ஒன்றின் ஓரம் அடுத்ததன் முகத்தில் செங்கோணமாக முட்டும்படி கட்டம் போடுகிறான். ஒன்று சாயப் பார்த்தால் பக்கத்துச் சீட்டு தாங்கிக்கொள்ளும். இப்படிக் கட்டத்தை ஒட்டிக் கட்டம், அதன்மேல் படுக்கையாகச் சீட்டு, மறுபடி கட்டம். மேலிருக்கும் எடை நேராகக் கீழே இறங்கி அடிச்சீட்டுகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பிளாஸ்டிக் சீட்டு இதற்கு ஆகாது, வழுக்கும். காகிதச் சீட்டுதான் பிடிக்கும்.

நான்கு இடங்களுக்கும் நேரில் போய்க் கட்டட அமைப்பைப் பார்த்து அளவு கணக்குப் போட்டிருக்கிறான். காற்று புகாத, உயரமான கூரையும் சமமான தரையும் உள்ள இடம் தேடி ஏறக்குறைய 30 இடங்களைப் பார்த்திருக்கிறான். வேலை நடக்கும்போது ஷாஹித் மினார் முழுசாகச் சரிந்தது, தேவாலயத்தில் ஒரு பகுதி விழுந்தது. எத்தனை நாள் உழைப்பு! திரும்ப அடுக்கினான். அந்த வயதில் நம்மில் யாருக்கடா அந்தப் பொறுமை இருந்தது?

இவனுக்கு முன்னால் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் அமெரிக்காவின் அயோவாக்காரர் பிரையன் பெர்க். சீட்டு அடுக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய தாத்தா. 1992-ல், 17 வயதில் முதல் சாதனை. அப்புறம் கட்டடக்கலை படித்தார். 2010-ல் சீனாவின் மக்காவ் நகரத்து ஹோட்டல்கள் மூன்றின் மாதிரியை 2,18,792 சீட்டுகளில் 44 நாள் உட்கார்ந்து கட்டினார். சீட்டு அவர் படிப்பையா கெடுத்தது?

உன் பையன் சாதனை படைப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. படைக்காவிட்டால் என்ன? வியர்க்க வியர்க்க ஃபேனை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சீட்டை நிறுத்துகிற பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று எப்படிடா சொல்கிறாய்? அன்றைக்கு நீ போனை அவனிடம் கொடுத்தாயே, "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. எனக்குப் பயமாக இருக்கிறது, செல்வா. மார்க் குறைந்தால் டியூஷன் வைக்கலாம். அவன் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய்?

பரீட்சை இருக்கிறது, மறுக்கவில்லை. ராத்திரி ஒரு மணி நேரம் என்று பேசி வைத்துக்கொள். ஆனால் பீரோவை இன்றைக்கே திற. காகிதச் சீட்டுக்கட்டு ஒரு டஜன் வாங்கி கூரியரில் அனுப்பியிருக்கிறேன், அவன் பெயருக்குத்தான். பொங்கலுக்கு வரும்போது நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கப் போகிறேன். உனக்கும் இடம் உண்டு.

அன்புடன்,
குமார்