மொரிஸ் கைமாறிவிட்டது

வெள்ளவத்தை
சனி இரவு

அன்பு மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய். நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மூத்தவள் ஏ.எல். சோதனை எழுதி முடித்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய மொரிஸ் வண்டியை விற்றுவிட்டேன். இன்று காலை பத்தரைக்குக் கேற்றைத் தாண்டிப் போனது. உன்னிடம் கேட்காமல்தான் செய்தேன். கேட்டிருந்தால் நீ ஒரு மணித்தியாலம் கதைப்பாய், நானும் விற்கமாட்டேன்.

வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்தது உனக்குத் தெரியும். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாகனத்துக்கான இடம். ஒழுங்கையில் விட்டு வைத்தால் இந்தக் கடற்காற்றுக்கு ஒரு மாரிகூடத் தாங்காது. பெரியப்பா நாலாம் குறுக்குத் தெருவிலிருந்து வெங்காய மூட்டை ஏற்றிய வண்டி துருப்பிடித்துச் சாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வண்டிக்கு ஏறிய விலை உனக்குத் தெரியும். இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் என்றாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது யாருக்கு எட்டும்? அதனால் ஆட்களுக்குக் குறைவில்லை. முதலில் வந்தவர் நான் கேட்ட தொகைக்கு மேலேயே தருகிறேன் என்றார். பொனட்டைத் திறக்கக்கூட இல்லை. வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கி, சாஸி நம்பரை மட்டும் இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஓப்பன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வேறொரு வண்டிக்குப் போட அவருக்கு வேண்டியது 1955ஆம் ஆண்டுப் பதிவும், நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய அந்த நம்பரும்தான். வண்டியை வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்.

மச்சான், எனக்குக் கை நடுங்கியது. பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்தா? நம் பெயரில் ஒரு வாகனம் முகம் தெரியாத கையில் ஓடினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன் அண்ணாவை விசாரணைக்குக் கூட்டிப் போன இரவை நான் மறக்கவில்லை. பெரியப்பாவும் 1958இல் ஸ்ரீக்குத் தார் பூசிய நாட்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பின்பக்கப் பெட்டியில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்து வாசலில் நிறுத்துவாராம்! நல்ல மனிதர்தான். ஆனாலும் ஓடுகிற வண்டியை யார் தொட்டியாக்கக் கொடுப்பார்கள்?

மூன்றாவதாகத்தான் கொட்டாஞ்சேனைப் பெடியன் வந்தான். வயது இருபத்தைந்து இருக்கும். வந்தவுடன் பழைய சாரம் ஒன்று கேட்டு வாங்கி நிலத்தில் விரித்து, ஃபோன் வெளிச்சத்தோடு வண்டிக்குக் கீழே போனான். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கீழேயிருந்து கேட்கிறான்: "அண்ணை, கியர்பொக்ஸைத் தாங்குகிற இந்தக் குறுக்குச் சட்டத்துக்கு வெல்டிங் அடித்தது யார்?"

உன் வெல்டிங்தான்! தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் கறையான் புற்று என்று சொன்னாரே, அதேதான். அடித்தவன் ரொறன்ரோவில் இருக்கிறான் என்றேன். "வடிவில்லை, ஆனால் நன்றாகப் பிடித்திருக்கிறது" என்றான். பதினாறு வருடம் அந்த எஞ்சினைத் தாங்கிய வேலை என்று நானும் சொன்னேன்.

1932 ஃபோர்டில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வந்ததையும், கலிபோர்னியாவில் காய்ந்த ஏரிகளில் பெடியன்கள் வண்டிகளை உரித்து ஓட்டியதையும் நீ விடிய விடியக் கதைப்பாய். எங்களுக்கு வாய்த்தது 803 சிசி மொரிஸும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்த டொயோட்டா டிஎக்ஸ் வேகனின் 4கே எஞ்சினும். அந்த 1290 சிசி எஞ்சினை மொரிஸின் சின்ன மூக்குக்குள் இறக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது! அந்தக் கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். எஞ்சின் மாற்றம் புத்தகத்தில் முறையாக ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அலைச்சல் வீணாகவில்லை.

முதலில் வந்தவரைவிட நாலு லட்சம் குறைவாகத்தான் தந்தான். தன் பெயரில், தன் கையெழுத்தில் மாற்றிக்கொண்டான். ஸ்டார்ட் எடுத்து, சோக்கை மெல்ல உள்ளே தள்ளி, எஞ்சின் சீராகும் வரை பொறுத்திருந்துதான் கியர் போட்டான். அம்மா வாசலுக்கு வந்து நின்றா. நான் காலி வீதி வரைக்கும் பின்னால் நடந்தேன்.

கராஜ் வெறுமையாகக் கிடக்கிறது. நிலத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.

பணத்தில் மூன்றிலொரு பங்கு உன்னுடையது. வேண்டாம் என்று எழுதாதே, கணக்கு இலக்கத்தை அனுப்பு. அப்புறம், அந்தப் பழைய 803 எஞ்சின் இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஆவணியில் வீட்டை இடிக்கிறார்கள். பெடியன் அதையும் கேட்கிறான். கொடுக்கட்டுமா? இந்த முறை உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்.

அன்புடன்,
உன் மச்சான்