‘பாலமா’ என்னும் சொல்லின் வேர்: இசைக்கருவிப் பதிவுகள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உலக இசைக்கருவிகளைப் பற்றித் தமிழில் அகராதிகளும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் எழுதும் அன்பர்களுக்கு வணக்கம்.

துருக்கியின் நெடுங்கழுத்து நரம்புக்கருவியைச் ‘சாஸ் அல்லது பக்லமா’ என்று எழுதிக் கடந்துவிட்டால், வெவ்வேறு மொழிகளில் பிறந்த இரு சொற்களின் வரலாறும் மறைந்துபோகும். ‘சாஸ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. இசைக்கருவி எதையும் சுட்டும் பொதுச்சொல். மற்றது, அதாவது ‘பக்லமா’ என்று எழுதப்படும் ‘பாலமா’, துருக்கி மொழியிலேயே விளைந்தது. ‘பாலமக்’ என்றால் கட்டுதல். அவ்வினையின் அடியோடு ‘மா’ என்னும் விகுதி சேர்ந்து பெயராகிறது. உறையவைத்தல் என்ற வினையிலிருந்து ஐஸ்கிரீமுக்குத் ‘தொந்துர்மா’ என்ற பெயர் அமைந்ததும் இவ்விகுதியால்தான்.

கட்டப்பட்டது எது என்ற கேள்விக்கு, மெட்டுகள் (கழுத்தில் சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குத் தடுப்புகள்) என்பதே பரவலாக வழங்கும் விளக்கம். நம் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் அசையாமல் அமர்ந்திருக்க, இக்கருவியிலோ மெட்டு என்பது கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய இழையே. முன்பு விலங்கு நரம்பு, இன்று பெரும்பாலும் நைலான். கட்டு என்பதால் அதைச் சற்றே நகர்த்தி, பன்னிரு சுரத்தானங்களுக்குள் அடங்காத, துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் நாட்டுப்பாடல்களுக்கு இன்றியமையாத இடைச்சுரங்களைப் பிடிக்க முடிகிறது. எனவே பெயரை விளக்காமல் கருவியின் இலக்கணத்தை விளக்க முயல்வது பாதி வேலைதான்.

இக்கருவியின் முன்னோடியாகக் கருதப்படும் ‘கொபூஸ்’ இதைவிடப் பழைய சொல். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே ‘பாலமா’வைப் பழந்துருக்கியரின் தொல்பெயர் என்று எழுதிவிட வேண்டாம்.

ஒலிபெயர்ப்பிலும் ஒரு வேண்டுகோள். இச்சொல்லில் ‘க்’ போலத் தோன்றும் எழுத்துக்கு இன்றைய இஸ்தான்புல் வழக்கில் தனி ஒலி இல்லை. முன்னுள்ள உயிரை நீட்டுவதோடு அதன் பணி முடிகிறது. ‘பக்லமா’ என்று அச்சிட்டால் வாசகருக்குப் ‘பக்லவா’ இனிப்புதான் நினைவுக்கு வரும்! அந்த எழுத்தை ஒலித்தே சொல்பவர்கள் கிரேக்கர். துருக்கியிலிருந்து பெயரைப் பெற்று, புஸூக்கி என்னும் கிரேக்க நரம்புக்கருவியின் சிறிய உறவான கருவியைப் ‘பக்லமாஸ்’ என்கிறார்கள். ஆகவே துருக்கியக் கருவிக்குப் ‘பாலமா’ என்றும், கிரேக்கக் கருவிக்குப் ‘பக்லமாஸ்’ என்றும் தனித்தனித் தலைச்சொற்கள் அமைத்து, ‘சாஸ்’ என்பதைப் பொதுப்பெயராகக் குறித்து, அங்கிருந்து ‘பாலமா’வுக்கு வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்