காணி உறுதி வாசிக்கத் தெரிந்தவரை ஒருநாள் கூப்பிடுங்கள்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் வாசிகசாலை ஒன்றில் பேப்பர் வாசித்து வளர்ந்தவள் நான். ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் தேடித் திரிகிற எங்களைப் போன்றவர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 அன்று, போரால் யாழ்ப்பாண நகரம் உட்பட வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அம்மா கையில் எடுத்த பைக்குள் பிறப்புப் பத்திரங்களோடு என் பூட்டியின், அதாவது கொள்ளுப்பாட்டியின், சீதன உறுதியும் (சீதனக் காணிப் பத்திரம்) இருந்தது. பையைக் காப்பாற்றினோம், ஆனால் உள்ளே இருந்ததை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டெழுத்து, மங்கிய மை, உறுதி எழுதும் நொத்தாரிசுமாரின் சட்டத் தமிழ். கடைசியில், நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் கிளாக்கராக இருந்த ஐயா ஒருவர் அரை மணித்தியாலத்தில் வாசித்துக் காட்டினார். எட்டுப் பரப்புக் காணி, அதற்கொரு பெயர், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. நான் காணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லைகளைக் காட்டினார். "கிழக்கும் வடக்கும் ஆரின்ரை காணியெண்டு பாருங்கோ பிள்ளை. அவை உங்கட ஆக்களாத்தான் இருப்பினம்." தகப்பன் ஒரே காணியைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் பக்கத்துத் துண்டு சகோதரியுடையதாகத்தானே இருக்கும். கிழக்கெல்லையில் இருந்தது பூட்டியின் தமக்கை. அப்படி ஒருவர் இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தேடுகிறவருக்குப் பெண்வழிதான் முதலில் அறுந்துபோகும். ஆனால் 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தில் முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்து வகைகள் தனித்தனியே வருகின்றன. சீதனம் பெண்ணின் பெயரில் எழுதப்படும். அதனால் அந்தியேட்டிக் கல்வெட்டில், அதாவது இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு நூலில், ஒரு வரிகூட வராத பெண்கள் உறுதிகளில் ஊர்ப் பெயரோடும் தகப்பன் பெயரோடும் இருக்கிறார்கள். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, அந்த ஐயாதான் சொன்னார். அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

ஆகவே முதலில் கூப்பிட வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள். பேராசிரியர்களும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்வெட்டு அச்சடித்த பழைய அச்சகக்காரரும், ஏடு வாசிக்கத் தெரிந்தவரும் வரவேண்டும். ஓலையில் புள்ளி இடாமல் எழுதியிருப்பார்கள், பழக்கம் இல்லாதவருக்குப் பெயரே பிழைத்துவிடும். மிஷன் பதிவேடு பார்த்தவர்களும் தேவை. 1816 இல் வந்த அமெரிக்க மிஷன் தன் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை வைத்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. பூட்டனை வீட்டுப் பெயரில் மட்டும் தேடினால் அந்தப் பதிவேட்டில் அகப்படவே மாட்டார்.

ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ள வேண்டாம். கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் தோம்பு (ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு) பார்த்துப் பழகிய ஒருவர் ஒரு மண்டபத்துக்கு வந்திருந்தார். மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. அவருக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். கொண்டு வந்த பிரதிகளைக் கட்டவிழ்க்காமலே திரும்பிப் போனார். எனக்கு அழுகையே வந்தது. பொன்னாடைக் காசில் போட்டோகொப்பி எடுங்கள். மேசையைச் சுற்றி இருந்து, அவரவர் கொண்டுவந்த தாளை வைத்துக் கதைப்போம்.

சரி, எல்லா வீட்டிலும் உறுதி இருக்கிறதா? இல்லை. மற்றவர் காணியில் குடியிருந்து, அந்தக் காணியையே கொத்தி இறைத்த குடும்பங்களின் பெயர் எல்லையாகக்கூட எழுதப்படவில்லை. குடும்ப வரலாறு என்று தொடங்கிச் சாதிப் பெருமை பேசி முடித்தால் அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு கூட்டம் நடப்பதைவிட நடக்காமல் இருப்பது நல்லது. அவர்களில் ஒருவரைப் பேச்சாளராகவே கூப்பிடுங்கள். முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவைச் சேர்ந்த ஒருவரையும் கூப்பிடுங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று, நாங்கள் ஓடுவதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னர், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றினார்கள். அவர்களுடைய தெருக்கள், கடைகள், பள்ளிவாசல்களின் கதை இல்லாமல் இந்த நகரத்தின் வரலாறு என்று எதைச் சொல்வது?

பேச்சை யாராவது போனில் பதிவு செய்யட்டும். 1981 இல் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. ஆகவே ஒரு பிரதி உங்களிடம், ஒன்று பேசியவரிடம், ஒன்று 2005 முதல் எங்கள் நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்திடம் இருக்கட்டும். வழக்கில் உள்ள காணியின் உறுதியை மட்டும் பொதுவில் காட்டவேண்டாம்.

அந்த ஐயாவிடம் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொன்னார். மேடை வேண்டாமாம், நல்ல வெளிச்சமுள்ள யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போதுமாம். பூட்டியின் உறுதியில் இருபது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எந்த நிலையம் முதலில் திகதி சொல்கிறதோ அங்கே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வாசிகசாலை உறுப்பினர் ஒருத்தி
யாழ்ப்பாணம்