109 நகர்த்தல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டிவலி இங்கேயும் அப்படியேதான், அதை விடு. ‘செஸ்ஸில் டிரா என்பது ரெண்டு பேர் சேர்ந்து பண்ணும் சோம்பேறித்தனம்’ என்று மறுபடியும் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் பதில்.

நேற்று நம் பழைய பலகையை எடுத்தேன். தொலைந்த கறுப்பு யானைக்கு இன்னும் நூல்கண்டுக் கட்டைதான். உலகச் சாம்பியனோடு மோதப் போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டிதானே கேண்டிடேட்ஸ்; 2024இல் டொராண்டோவில் நடந்ததன் கடைசிச் சுற்றில் கருவானாவும் நெப்போம்னியாச்சியும் ஆடிய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். நெப்போ அதற்கு முந்தைய ரெண்டு கேண்டிடேட்ஸையும் ஜெயித்தவர், ஞாபகம் இருக்கிறதா?

அன்று காலை குகேஷுக்கு எட்டரைப் புள்ளி. இவர்கள் இருவருக்கும் நகமுராவுக்கும் எட்டு. குகேஷ் நகமுராவோடு 71 நகர்த்தலில் டிரா செய்து, ஒன்பதோடு எழுந்துவிட்டார். கருவானா, நெப்போ இவர்களில் ஒருவர் ஜெயித்தால் அவருக்கும் ஒன்பது, மறுநாள் குகேஷோடு டைபிரேக், அதாவது முதலிடம் யாருக்கு என்று முடிவுசெய்யும் ஆட்டம். டிரா என்றால் ரெண்டு பேருமே மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் யார் வாயைத் திறந்து டிரா கேட்பார்?

வெற்றி கருவானாவின் கையில்தான் இருந்தது. ஆனால் முதல் நாற்பது நகர்த்தலுக்கு ரெண்டு மணி நேரம். அதுவரை ஒரு நொடிகூடக் கூடுதலாகக் கிடையாது. அந்த எல்லையை ஒட்டித்தான் பிடி தளர்ந்தது. பிறகும் விடாமல் இழுத்தார்கள். 109 நகர்த்தல்! நமக்கு இங்கே நள்ளிரவில் தொடங்கியது, முடியும்போது பால்காரர் வந்துவிட்டார். ‘இந்த வயதில் போர்வைக்குள் போன் எதற்கு’ என்று வீட்டில் திட்டு வேறு. குகேஷுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போல, தன் பயிற்சியாளர் கயேவ்ஸ்கியோடு காலாற நடக்கப் போய்விட்டார். பதினேழு வயது அப்போது.

கடைசியில் கைகுலுக்கியபோது நெப்போ, ‘ரொம்ப வருந்துகிறேன்’ என்றார். ‘என் தப்புதான்’ என்றார் கருவானா. சேகர், டிரா ஆன ஆட்டத்தில் ரெண்டு பேர் தோற்று நான் பார்த்தது அன்றுதான். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு சோம்பேறித்தனம் என்று சொல்லு, பார்க்கலாம்.

பலகையைக் கலைக்கவில்லை. கருவானாவின் வெள்ளைக்கு வெற்றி இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் நிறுத்தி, பேத்தி கை எட்டாமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வெள்ளை உனக்கு. நேரம் பத்து நிமிஷம்தான் தருவேன்.

அன்புடன்,
ராமு